ரஜா முடிந்த மறுநாள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில், பாட்டி வீட்டில் இஷ்டப்படி உறங்கி இஷ்டப்படி உண்டு திரிந்துவிட்டு வந்த ஐந்து வயதுப் பிள்ளையை விடியற்காலையில் எழுப்பிக் குளிப்பாட்டிப் பையை மாட்டி அனுப்புவதற்குள் பெற்றோர் படும் பாட்டைப் பார்க்கிறவர்கள், இது ஆதிகாலம் முதல் இருந்துவரும் தொல்லை என்றே எண்ணக்கூடும். ஆனால் கோடை முழுவதும் படிப்பைக் கட்டிவைக்கும் வழக்கம் இந்நாட்டுக்கு ஆங்கில ஆட்சியோடு வந்தது. அதற்கு முன் ஊர்தோறும் நடந்துவந்த திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ரஜா என்பது அடிக்கடி வந்து, வந்த சுவட்டிலேயே திரும்பிவிடும் விருந்தாளியாக இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடங்கள் அருகிக் கிடந்தவை அல்ல. 1822-ஆம் வருஷத்தில் சென்னைக் கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ ஜில்லாக் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டு எடுத்த கணக்கில், இராஜதானி முழுவதிலும் 12,498 பாடசாலைகள் இருந்தன. ஏறக்குறைய ஆயிரம் ஜனங்களுக்கு ஒன்று. அவற்றின் விடுமுறைகளைச் சந்திரனே நிர்ணயித்தான். அமாவாசை, பௌர்ணமி என்னும் உவா நாட்களிலும், அவற்றையடுத்த பிரதமையிலும், அஷ்டமியிலும் பாடம் இல்லை. இடத்துக்கு இடம் சற்று மாறினாலும், வேதம் ஓதலாகாது என்று விதிக்கப்பட்ட அநத்தியயன நாட்களையே திண்ணையும் ஏறக்குறைய ஒட்டி நடந்தது. பிரதமையில் படிப்பவனுடைய வித்தையைப் போல் ஸீதை மெலிந்திருந்தாள் என்று வால்மீகியின் சுந்தர காண்டத்தில் அநுமன் கூறுவதாக வருவதிலிருந்து, இந்த நம்பிக்கை எவ்வளவு பழையது என்பது தெரியும். நம்பிக்கையின் நியாயத்தை நான் ஆராயப் போவதில்லை. அதனால் விளைந்த பயனைத்தான் சொல்லவேண்டும்: எட்டு நாளைக்கு ஒரு முறை ஓய்வும், ஓய்வு முடிந்ததும் திரும்புதலும் மாறி மாறி நிகழ்ந்தமையால், திரும்புதல் என்பது குழந்தைக்கு ஓர் அதிசயமாகவோ அதிர்ச்சியாகவோ தோன்ற இடமில்லாமல் போயிற்று.

இருந்தாலும், நன்றாகத் தூங்கிய குழந்தை மறுநாள் பொழுது விடியுமுன் தானாக எழுந்து ஓடிவந்துவிடும் என்று அக்காலத்து உபாத்தியாயர்கள் நம்பி இருந்துவிடவில்லை. மன்றோவின் உத்தரவுக்கு விடையாக 1823-இல் அனுப்பிய அறிக்கையில் பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல், காலையில் முதலாவதாக வரும் மாணவனுடைய உள்ளங்கையில் மரியாதைக்கு அடையாளமாக சரசுவதியின் பெயரை எழுதுவார்கள் என்றும், இரண்டாவதாக வருபவன் கையில் புகழுமில்லை இகழுமில்லை என்பதற்காக ஒரு சுன்னம் இடுவார்கள் என்றும், மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்புறம் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்று கூட என்றும் எழுதியிருக்கிறார். கடைசியாக வந்த சிறுவன் கையை நீட்டும்போது கணக்கு எங்கே போய் நின்றிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழ் நாட்டுத் திண்ணையின் தினசரி ஒழுங்கை அறிய விரும்புவோர் மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்களின் ‘என் சரித்திர’த்தைப் பார்க்கவேண்டும். விடியுமுன் வந்து பழைய பாடங்களை முறை சொல்லுவதும், வெயில் வந்த பிறகு நீர்த்துறைக்குச் சென்று காலைக் கடன்களை முடித்துக்கொண்டு, திரும்பும்போது எழுதிப் பழகுவதற்கு மணல் கொண்டுவந்து பரப்புவதும் பிள்ளைகளுக்கு வழக்கம். மாலையில் பள்ளிக்கூடம் விடும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரையோ, ஒரு பட்சியின் பெயரையோ, ஒரு மிருகத்தின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் அதை மறவாமல் வந்து சொல்லவேண்டும். ஞாபக சக்திக்காக ஏற்பட்ட பயிற்சி இது என்பது உண்மையே. ஆயினும், தன் பங்குக்கு வந்த பெயரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், உண்ணும்போதும் உறங்கப்போகும்போதும் அதையே காப்பாற்றி வைத்திருந்த குழந்தைக்கு, மறுநாள் பள்ளிக்கூடம் போவதற்கு அடியைத் தவிர வேறொரு காரணமும் இருந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

வருஷத்துப் பெரிய உற்சவம் நவராத்திரி. புத்தாடை உடுத்த பிள்ளைகள் உபாத்தியாயரோடு வீடு வீடாகச் சென்று கோலாட்டம் அடித்துப் பாட, வீட்டுக்காரர்கள் பணமும் வஸ்திரமும் கொடுத்து அனுப்புவார்கள். மாதச் சம்பளம் சரியாக வந்து சேராத உபாத்தியாயருக்கு அதுவே பெரிய வரும்படி. மகாநவமியன்று சுவடிகளையும் எழுத்தாணியையும் தேவியின் முன் அடுக்கிவிட்டால், ஓர் எழுத்தைக் கூடப் படிக்கலாகாது. விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் மறுநாள் விஜயதசமி. வைத்த சுவடியை அன்று எடுத்தே ஆகவேண்டும், எடுத்ததைச் சிறிதாவது படித்தே ஆகவேண்டும். படியாவிட்டால் பூஜை பூர்த்தியாகாது. அதே நாளில்தான் புதிய பிள்ளைகளுக்கு வித்தியாரம்பமும் நடக்கும். உபாத்தியாயர் மடியில் அமர்த்தி, விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கும்போது வீறிட்டு அழும் சின்னஞ்சிறுவனைப் பார்த்து, சென்ற வருஷம் அவ்வாறே அழுத பழைய மாணவன் பெரிய மனிதனைப் போல் நின்றுகொண்டிருப்பான். ரஜாவை முடித்துவைக்கும் காரியத்தையே ஒரு பண்டிகையாக்கி, அதற்குச் சுண்டலும் வைத்துவிட்ட சாமர்த்தியத்தை நான் எப்போதும் வியப்பதுண்டு.

இவ்வளவையும் சொன்னதனால், அக்காலம் குழந்தைகளுக்குப் பொற்காலம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. வராமல் ஒளிந்துகொண்ட பிள்ளையைப் பிடித்துவரச் மாணவர் தலைவனாகிய சட்டாம்பிள்ளையின் கீழ் ஒரு படையே புறப்படும். கையையும் காலையும் பற்றித் தெரு வழியே தூக்கி வருவார்கள். உத்தரத்தில் கயிறு கட்டிக் கைகளால் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் இருந்தது. இத்தகைய கொடுமைகள் ஒழிந்தது பற்றி வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

பின்னர்த் துரைத்தனத்தார் வகுத்த முறை பரவிற்று. உவாவும் அஷ்டமியும் போய் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெயிலுக்கு அஞ்சி அதிகாரிகள் நீலகிரிக்கு ஏறும் வழக்கம் ஏற்பட்ட அக்காலத்தில், பள்ளிக்கூடங்களுக்கும் கோடை விடுமுறை நிலைபெற்றது. நீண்ட ரஜாவைக் கொடுத்தவர்கள், அதிலிருந்து குழந்தையை மீட்டுக்கொண்டுவர ஒரு சடங்கையும் கூடக் கொடுக்கவில்லை. திறக்கும் தேதி மட்டும் அறிவிக்கப்படும். 1939-இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், சிறு குழந்தைகள் ஒழுங்கையும் வைத்தது வைத்த இடத்தில் இருப்பதையும் தாமாகவே விரும்புவன என்று போதித்தார்; அவ்வம்மையாரின் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்ட பாலர் பள்ளிகள் பல ஏற்பட்டும், ஜூன் மாதத்து அழுகை ஓயவில்லை.

விஜயதசமி இப்பொழுது அரசாங்க விடுமுறை நாள். புதிதாகச் சேருகிறவர்களுக்காக மட்டும் அன்று பல பள்ளிகள் கதவைத் திறந்து, தட்டில் பரப்பிய நெல்லிலோ அரிசியிலோ அகரம் எழுதச்செய்து பெயரைப் பதிவு செய்துகொள்கின்றன. பழைய மாணவர்கள், பாட்டி இருக்கும் வீடாயின், பூஜையிலிருந்து எடுத்த புத்தகத்தில் ஒரு பக்கத்தை அவசரமாக வாசித்துவிட்டு விளையாடப் போகிறார்கள்; பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவது காலண்டர் காட்டும் வேறொரு நாளில்.