அசோகன் விட்டவையும் விடாதவையும்

நெடுநாட் பழக்கத்தை விடுதல் அரிது. மன்னர்க்கு அஃது இன்னும் அரிது. கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆண்ட மௌரியப் பேரரசன் அசோகனின் பாறைச் சாசனங்கள் இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுகின்றன.

முடிசூடி 8 ஆண்டுகள் சென்றபின் அசோகன் கலிங்கத்தை வென்றான். அப்போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், 1,50,000 பேர் நாடுகடத்தப்பட்டனர் எனப் பதின்மூன்றாம் சாசனம் கூறும். அதுபற்றித் தான் எய்திய துயரையும் அவன் அதிற் பொறித்துள்ளான்.

மன்னர் தொன்றுதொட்டு மேற்கொண்ட வேட்டைச் செலவை அவன் விடுத்தான். முடிசூடிய பத்தாண்டின்பின் புத்தகயைக்குச் சென்றது முதலாக, துறவியரையும் முதியோரையும் நாட்டு மக்களையும் காணும் அறச்செலவை அதனிடத்து அமைத்தான். இச்செய்தி எட்டாம் சாசனத்தில் உள்ளது.

முதற் சாசனம் அரண்மனை மடைப்பள்ளியைப் பற்றியது. முன்னர் நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கறிக்காகக் கொல்லப்பட்டன, இப்பொழுது இரண்டு மயிலும் ஒரு மானுமே, மானும் எந்நாளுமன்று, இனி இவையும் கொல்லப்படா என அது கூறுகின்றது. ஊனை முற்றும் விட்டதாக அவன் புகழ் தேடவில்லை. எஞ்சிய மூன்றையும் நாடறிய எண்ணிக் காட்டினான்.

எனினும், வென்ற கலிங்கத்தை அவன் விட்டானல்லன். போர்த்துயர் கூறும் சாசனமும் கலிங்க நாட்டுத் தௌலி, ஜௌகடப் பாறைகளில் இடம்பெறவில்லை. மடைப்பள்ளிக் கணக்கை மறையாத மன்னன், துன்புற்ற மக்கள் முன் அத்துயரைப் பொறியாது விட்டான். பழக்கத்தை விடுதலினும் பெற்ற பயனை விடுதல் கடினம் என்பதற்கு அப்பாறைகளே சான்றாம்.