ஆங்கில வாக்கியப் பிழைகளின் வரலாறு: கிளாஸ், பிரேஸ் பாகுபாட்டை முன்வைத்து

ஆங்கிலக் கட்டுரை திருத்தும் ஆசிரியரின் சிவப்பு மை மூன்று இடங்களில் தவறாமல் விழும். இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டுவது ஒன்று. 'பிகாஸ்' என்று தொடங்கி, முதன்மை வாக்கியம் வருமுன்பே முற்றுப்புள்ளி வைத்துவிடுவது மற்றொன்று. 'வாக்கிங் டவுன் தி ரோட்' என்று தொடங்கிவிட்டு, நடந்தவரைச் சொல்லாமல் மரத்தையோ மழையையோ எழுவாயாக்குவது மூன்றாவது. மூன்றையும் விளக்க ஒரே கருவிதான் பயன்படுகிறது: எழுவாயும் வினைமுற்றும் உள்ள தொடர் கிளாஸ், அவை இல்லாத சொற்கூட்டம் பிரேஸ். இந்தப் பாகுபாடு ஆங்கிலத்தோடு கூடவே பிறந்ததுபோலப் பள்ளி நூல்கள் பேசுகின்றன. இப்போதைய வடிவில் அதற்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. வாக்கியத்தைப் பகுத்துப் பார்க்கும் முறை ஒரு வழியிலும், பிழைகளைத் தொகுக்கும் வழக்கம் வேறொரு வழியிலும் வளர்ந்து, மிகப் பிந்தியே ஒன்றுகூடின என்பது இக்கட்டுரையின் வாதம்.

அச்சில் வந்த முதல் ஆங்கில இலக்கணம் வில்லியம் புல்லோகருடையது, ஆண்டு 1586. இங்கிலாந்துப் பள்ளிகளில் கோலோச்சிய லில்லியின் லத்தீன் இலக்கணமே அதற்கு அச்சு. சொல்வகை, வேற்றுமை, எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபு ஆகியவற்றைப் பேசிய அக்கால நூல்கள் முழு வாக்கியத்தின் கட்டமைப்பில் அதிகம் நிற்கவில்லை. வாக்கியத்தைத் துண்டுகளாகப் பார்த்தவர்கள் சொற்கலை ஆசிரியர்கள். கம்மா, கோலன், பீரியட் ஆகியவை கிரேக்கரிடம் பேச்சின் சிறுதுண்டு, பெருந்துண்டு, முழுத்தொடர் ஆகியவற்றின் பெயர்களாக இருந்து, பிறகுதான் குறிகளின் பெயர்களாயின. மூச்சுவிடும் இடத்தைவிட வாக்கிய அமைப்பே நிறுத்தக்குறிகளுக்கு அடிப்படை என்று இத்தாலிய அச்சகக் குடும்பத்தைச் சேர்ந்த இளைய ஆல்டஸ் மனூசியஸ் 1566இல் எழுதினார். ஆங்கிலத்தில் இரண்டு கொள்கைகளும் வெகுகாலம் கலந்தே இருந்தன. ஆகவே, இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே காற்புள்ளி வைப்பது பதினெட்டாம் நூற்றாண்டின் நல்ல உரைநடையிலும் சாதாரணம். அதைக் கண்டு யாரும் முகம் சுளித்ததில்லை.

அவர்கள் முகம் சுளித்த இடங்கள் வேறு. வாக்கியம் முன்னிடைச்சொல்லில் முடியலாகாது என்ற எண்ணத்தை 1672இல் ஜான் டிரைடன் கிளப்பினார். கண்டிக்கப்பட்டவர் பென் ஜான்சன். டிரைடன் அதோடு விடவில்லை. 1668இல் தாம் வெளியிட்ட நாடகக் கலை பற்றிய நூலை 1684இல் மறுபதிப்பிட்டபோது, தம் வாக்கியங்களின் வால்களையும் வெட்டித் திருத்தினார். 1762இல் ராபர்ட் லௌத் எழுதிய சிறு இலக்கண நூல் இந்தக் கண்டிப்புகளுக்கு ஒரு வடிவம் தந்தது. பின்னாளில் லண்டன் பிஷப்பாக உயர்ந்த அவர், ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட், போப் ஆகியோரின் வரிகளைப் பிழைகளுக்கு எடுத்துக்காட்டாக அடிக்குறிப்புகளில் வரிசையாக நிறுத்தினார். ஆனால் லௌத்தைத் தடைகளின் தந்தையாகச் சித்திரிப்பது அநியாயம். இறுதி முன்னிடைச்சொல் பேச்சுநடைக்குப் பொருந்தும் என்றே அவர் சொன்னார். அதைச் சொல்லும் வாக்கியத்தில் ஒரு பகுதியை முன்னிடைச்சொல்லிலேயே முடித்தும் வைத்தார். வேண்டுமென்றேதான் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓராண்டு முன்பே, ஆக்சிஜன் ஆய்வால் பிற்பாடு புகழ்பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி, வழக்கே மொழிக்கு நீதிபதி என்ற நிலையில் நின்று ஓர் இலக்கணம் எழுதியிருந்தார். பள்ளிகள் அவரைப் பின்பற்றவில்லை. பிழை திருத்து என்று பயிற்சி கொடுக்க, விதி இருந்தால்தானே வசதி!

அந்தப் பயிற்சியை ஆங்கில இலக்கணத்துக்குள் கொண்டுவந்த முன்னோடி, நியூகாஸில் நகர ஆசிரியை ஆன் ஃபிஷர். 1750இல் இரண்டாம் பதிப்பு கண்ட அவரது நூலில், மாணவர் திருத்துவதற்கென்றே தவறான வாக்கியங்கள் அச்சிடப்பட்டன. அமெரிக்காவில் பிறந்து யார்க் நகருக்கு அருகே குடியேறிய வழக்கறிஞர் லிண்ட்லி மரே, 1795இல் இலக்கணமும் 1797இல் தனிப் பயிற்சி நூலும் வெளியிட்டு இம்முறையை உலகெங்கும் பரப்பினார். மரேயின் நூலில் ஒரு வரையறை இன்றைய ஆசிரியரைத் திடுக்கிட வைக்கும். சரியாகச் சேர்க்கப்பட்ட இரண்டோ அதற்கு மேற்பட்டோ உள்ள சொற்கள் பிரேஸ். அது வாக்கியத்தின் பகுதியாகவும் இருக்கலாம், முழு வாக்கியமாகவும் இருக்கலாம் என்கிறார். இந்த வரையறையை வைத்துக்கொண்டு அரைகுறை வாக்கியம் என்றொரு பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

திருப்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது. மருத்துவராக இருந்து மொழி ஆய்வுக்கு மாறிய கார்ல் ஃபெர்டினாண்ட் பெக்கர், 1827இல் வெளியிட்ட நூலில் மொழியை ஓர் உயிருடல் என்று கொண்டார். அவர் கண்ணோட்டத்தில், பெயர் நிற்கும் இடத்தில் ஒரு வாக்கியமே விரிந்து நின்றால் அது பெயர்த் தொடர். பெயரடை விரிந்தால் பெயரடைத் தொடர். வினையடை விரிந்தால் வினையடைத் தொடர். நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் நௌன் கிளாஸ், அட்ஜெக்டிவ் கிளாஸ், அட்வெர்ப் கிளாஸ் மூன்றும் இந்தச் சிந்தனையிலிருந்து இறங்கியவை. பள்ளி ஆய்வாளர் ஜே. டி. மாரெல் 1852இல் இம்முறையை ஆங்கிலத்துக்குப் பெயர்த்துத் தந்தார். அமெரிக்காவில் ரீடும் கெல்லாகும் 1877இல் வாக்கியத்தைக் கோடுகளாக வரைந்து காட்டினர். எல்லாருடைய நோக்கமும் வாக்கியத்தைப் புரிந்துகொள்வதே.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் ஜே. சி. நெஸ்ஃபீல்ட் முக்கியமானவர். வடமேற்கு மாகாணங்களிலும் அவத் பகுதியிலும் கல்வித் துறை அதிகாரியாக இருந்த அவர், 1885இல் அப்பகுதியின் சாதி அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதி, சாதிக்குத் தொழிலே அடிப்படை என்று வாதிட்டார். பிறகு எழுதிய இலக்கண நூல்களில், ஒரு சொல் எந்த வகை என்பதை வாக்கியத்தில் அது செய்யும் வேலையே தீர்மானிக்கிறது என்றார். தொழிலை வைத்து வகை பிரிக்கும் பழக்கம் மனிதரிலிருந்து சொல்லுக்கு இடம் மாறியதாகத் தோன்றுவது வெறும் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நெஸ்ஃபீல்டின் பாதையிலேயே, பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணியாற்றியவரும் 'போ ஜெஸ்ட்' நாவலின் ஆசிரியருமான பி. சி. ரென், மார்ட்டினுடன் சேர்ந்து எழுதிய நூல் 1930களில் வெளிவந்தது. 'ரென் அண்ட் மார்ட்டின்' என்றாலே இலக்கணம் என்ற நிலை தமிழ்நாட்டிலும் உருவானது.

பிழைப் பட்டியலின் கதை அமெரிக்கக் கல்லூரிகளில் தொடர்கிறது. ஹார்வர்ட் 1874இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைக் கட்டாயமாக்கியது. தாள்கள் குவிந்தன, திருத்துபவருக்கு ஓரத்தில் எழுதச் சுருக்கமான குறிகள் தேவைப்பட்டன. எட்வின் உல்லி 1907இல் வெளியிட்ட கையேட்டில் விதிகளுக்கு எண்கள் இருந்தன. 1918இல் கார்னெல் ஆசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு நூலில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் விதிகள் அடுத்தடுத்து நிற்கின்றன: தனித்து நிற்கும் கிளாஸ்களைக் காற்புள்ளியால் இணைக்காதே, ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைக்காதே, தொடக்கத்தில் வரும் எச்சத் தொடர் எழுவாயைத்தான் சுட்ட வேண்டும். சிவப்பு மை விழும் மூன்று இடங்களும் இங்கே ஒரே வரிசையில் வந்துவிட்டன. பெக்கர் வழிவந்த பகுப்பாய்வு இல்லாமல் இவ்விதிகளை எழுதியிருக்கவே முடியாது. அறிவதற்காகச் செய்த கருவி மதிப்பெண் குறைக்கும் கருவியானது இங்கேதான்.

இவற்றில் கடைசியான எச்சத் தொடர் விதி தமிழ் மாணவருக்கு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. செய்து, செய்யூ, செய்பு என்னும் வாய்பாட்டு எச்சங்கள் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்று தொல்காப்பிய வினையியல் வரையறுக்கிறது. அடுத்தே சினைக்கு விலக்கும் தருகிறது. 'கால் ஒடிந்து விழுந்தான்' என்பதில் ஒடிந்தது கால், விழுந்தது ஆள், ஆனாலும் வழுவில்லை. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதைப் பெய்ய என்பதன் திரிபாகக் கொண்டு அமைதி காண்பது உரைமரபு. ஆங்கிலப் பள்ளி நூல்களுக்கு இந்தத் தாராளம் இல்லை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், தோட்டத்தில் உறங்கும்போது பாம்பு தீண்டியதாகப் பரப்பப்பட்ட கதையை ஆவி சொல்லும் இடத்தில், உறங்கியது பாம்பு என்று பொருள்படும்படிதான் வாக்கியம் அமைந்திருக்கிறது. பார்வையாளர் யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை.

இத்தனை திருத்தலும் பிழைகளைக் குறைத்ததா? அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளை ஆராய்ந்தவர்கள், நூறு சொல்லுக்கு 1917இல் 2.11 பிழை, 1930இல் 2.24 பிழை என்று கணக்கிட்டிருந்தனர். ராபர்ட் கானர்ஸும் ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்டும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், 3,000 தாள்களைப் பார்த்து 2.26 என்றனர். 2008இல் வெளியான தொடராய்வில் அது 2.45. விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்க, பிழைகளின் வகைதான் மாறிக்கொண்டிருந்தது. 1988 ஆய்வில் எழுத்துப்பிழையைத் தனியே ஒதுக்கியபின் முதலிடம் பெற்றது, தொடக்கத் தொடருக்குப் பின் காற்புள்ளி விடுபடுவது; 2008இல் அந்த இடத்துக்குத் தவறான சொல் வந்துவிட்டது.

இதற்கிடையே கிளாஸ், பிரேஸ் வரையறையும் நகர்ந்துவிட்டது. குவர்க் குழுவினரின் 1985ஆம் ஆண்டுப் பேரிலக்கணம் 'வாக்கிங் டவுன் தி ரோட்' என்பதை எழுவாய் தொக்கிய, வினைமுற்றில்லாத கிளாஸ் என்கிறது. ரென்னும் மார்ட்டினும் அதை பிரேஸ் என்பார்கள். 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் தொகுத்த கேம்பிரிட்ஜ் இலக்கணம் 'பிகாஸ்' என்ற சொல்லையே இணைப்புச்சொல் வகையிலிருந்து எடுத்து முன்னிடைச்சொல்லோடு சேர்த்தது. தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் பிளஸ் டூவில் ரென், மார்ட்டின் வழிப் பழைய வரையறையையும் எம்.ஏ. ஆங்கிலத்தில் புதியதையும் படிக்கிறார். போட்டித் தேர்வு எழுதப் போகும்போது மறுபடியும் பழையதற்கே திரும்ப வேண்டியிருக்கிறது.