அயர்லாந்துக் குடும்பப்பெயர்களும் புலம்பெயர்ந்தோர் வம்சாவளித் தேடலும்

அயர்லாந்தில் வழிவழிக் குடும்பப்பெயர்கள் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு முன்பே தோன்றின. வழித்தோன்றலைக் குறிக்கும் 'ஓ', மகனைக் குறிக்கும் 'மக்' ஆகிய முன்னொட்டுகளால் அவை அமைந்தன. கால்வே பகுதிச் சிற்றரசன் ஒருவன் 916-இல் இறந்ததைச் சொல்லும் ஆண்டுக்குறிப்பில் வரும் 'ஓ கிளேரி' மிகப் பழைய சான்றாகக் காட்டப்படுகிறது. அப்போதே அது தலைமுறைகளைக் கடந்து வழங்கிய பெயரா என்பதை அந்த ஒரு குறிப்பைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது. 17-ஆம் நூற்றாண்டில் டூவால்டக் மக் ஃபிர்விசி தொகுத்த வம்சாவளிப் பெருநூல் பெரும்பாலும் தலைவர் குடிகளின் வரலாறே. ஆங்கில ஆட்சியில் முன்னொட்டுகள் உதிர்ந்தன. ஒரே கேலிக் மொழிப் பெயர் ஓரிடத்தில் மக்கவன் என்றும் இன்னோரிடத்தில் ஸ்மித் என்றும் எழுதப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டின் ஏழைக் கத்தோலிக்கக் குடியானவர்களைப் பற்றிய பதிவுகள் மிகக் குறைவு.

குடும்பப்பெயர் இவ்வளவு பழமையானது என்பதாலேயே மூதாதையரைத் தேடுவோர் பலர் அதையே முதன்மைச் சான்றாகக் கொள்கின்றனர். ஆவணங்கள் காட்டுவது வேறு: பெயர் திசையைக் காட்டலாம், ஆளை அடையாளப்படுத்துவது ஊரே. 1890-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு ராபர்ட் மாத்தேசன் 1894-இல் வெளியிட்ட அறிக்கையில் மர்ஃபி முதலிடம் பெற்றது. கெல்லியும் சல்லிவனும் அடுத்து வந்தன. 'டவுன்லாந்து' எனப்படும் சிற்றூர்ப் பிரிவுகள் ஏறத்தாழ 60,000 உள்ள நாட்டில், 'அயர்லாந்தில் பிறந்த பாட்ரிக் மர்ஃபி' என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு எவரையும் கண்டறிய முடியாது. குடும்பப்பெயர்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் செறிந்திருக்கின்றனவே என்று இதற்கு மறுப்புக் கூறலாம். காலகர் என்றால் டொனிகோல், சல்லிவன் என்றால் கார்க் அல்லது கெரி என ஊகிப்பது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் ஒரு பெயர் செறிந்துள்ள இடத்தில்தான் அது ஒருவரிடமிருந்து மற்றவரைப் பிரித்தறியச் சிறிதும் உதவாது. பக்கத்துப் பக்கத்து வீட்டினர் ஒரே பெயருடன் வாழ்ந்ததால், வரி மதிப்பீட்டு அலுவலர்களே தந்தையின் பெயரையோ பட்டப்பெயரையோ சேர்த்து எழுத நேர்ந்தது. அந்தச் சிறு ஒட்டுப்பெயர்கள் இன்று ஆய்வாளருக்கு விலைமதிப்பற்றவை.

அம்மதிப்பீடு, ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை வெளிவந்தது. நிலமோ வீடோ வைத்திருந்த சுமார் 10 லட்சம் பேர் அதில் ஊர்வாரியாகப் பதிவாயினர். மனைவி மக்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தனர். அதனினும் மிகுதியானோர் நாட்டை விட்டு வெளியேறினர். எனவே பல குடும்பங்கள் தம் ஊர் மதிப்பிடப்படும் முன்பே மறைந்துவிட்டன. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளும் உயில்களும் அங்கிருந்த ஆங்கிலிக்கத் திருச்சபைப் பதிவேடுகளும் பெரும்பாலும் அழிந்தன. இதனால் தேடலே வீண் என்ற எண்ணம் பரவியது. அது மிகை. எல்லா இழப்பும் அத்தீயால் நேர்ந்ததன்று: 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே முன்னர் அழித்திருந்தது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. மறுபுறம், கத்தோலிக்கப் பங்குகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் பெரும்பாலும் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின.

எரிந்தவற்றின் ஒரு சிறு பகுதி முதியோர் ஓய்வூதியத்தால் மிஞ்சியது. 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி 70 வயதானோர் 1909 முதல் ஓய்வூதியம் பெறலாயினர். அனைவரின் பிறப்பையும் பதியும் முறை 1864-இல்தான் தொடங்கியிருந்ததால் அவர்களிடம் பிறப்புச் சான்று இல்லை. ஆகவே 1841, 1851 கணக்கெடுப்புகளில் அவர்களது குழந்தைப் பருவத்து வீடு தேடப்பட்டது. விண்ணப்பித்தவர் தாய் தந்தையின் பெயரோடு டவுன்லாந்தையும் சொல்ல வேண்டியிருந்தது. எழுத்தர் கண்டெடுத்து எழுதிய விவரம் அந்தப் படிவங்களில் நிற்கிறது. அவர் புரட்டிய ஏடுகள் இன்றில்லை. வயதை மெய்ப்பிக்க வந்த ஒரு மூதாட்டியின் பெற்றோர் பெயர் வேறெங்குமின்றி அங்கு மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும்.

சொந்த ஊரின் பெயரைப் பல வேளைகளில் அயல்நாட்டு ஆவணங்களே காத்தன. பாஸ்டனின் 'பைலட்' இதழ் 1831 முதல் 1921 வரை, காணாமற்போன உறவினரைத் தேடும் பல்லாயிரம் அறிவிப்புகளை வெளியிட்டது. தம்பியைத் தேடும் அக்காள் அவனுடைய பங்கையும் ஊரையும் கப்பலேறிய ஆண்டையும் குறிப்பிட்டாள். நியூயார்க்கின் புலம்பெயர்ந்தோர் சேமிப்பு வங்கி வாடிக்கையாளரின் பிறந்த ஊரையும் உறவினரையும் எழுதி வைத்தது. அந்நகரின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் அதிகாரிகள் பெயர்களை மாற்றியதாகச் சொல்லும் குடும்பக் கதைகளுக்கு ஆதாரம் குறைவு. அவர்கள் சரிபார்த்தது கப்பல் நிறுவனங்கள் தயாரித்த பட்டியல்களையே. அத்தீவில் 1892 ஜனவரி 1 அன்று முதலாவதாக இறங்கிய கார்க் நகரத்து ஆனி மூர், டெக்சஸில் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்தான் என நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்தப் பெண் இல்லினாயில் பிறந்தவர் என்பதும், உண்மையான ஆனி நியூயார்க்கிலேயே வாழ்ந்தார் என்பதும் 2006-இல் தெளிவாயின. பெயர் பொருந்தியது, பிறந்த இடம் பொருந்தவில்லை.

எட்வர்ட் மக்லைசாட் 1957-இல் வெளியிட்ட குடும்பப்பெயர் நூல் இன்றும் பயன்படுகிறது. 1901, 1911 கணக்கெடுப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. கத்தோலிக்கப் பதிவேடுகளின் படிமங்களைத் தேசிய நூலகம் 2015-இல் வெளியிட்டது. எரிந்த காப்பகத்தை நகல்களிலிருந்து மீட்டமைக்கும் மின்னணுக் கருவூலம் 2022-இல் தொடங்கியது. மரபணுச் சான்றையோ எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும்: அயர்லாந்தின் வடமேற்கில் பரவலாக உள்ள ஒரு மரபணுக் குறியைப் பழங்கால மன்னன் நியாலின் வம்சத்தோடு இணைத்த 2006-ஆம் ஆண்டு ஆய்வு பின்னர் ஐயத்துக்குள்ளானது.