அவதானக் கலையும் நினைவாற்றலும்

அம்பர்நாத்தில் வாழும் தமிழன்பர்கள் அவ்வூர்ச் சிவாலயத்தை நன்கு அறிவர். சிலாஹார மன்னர் காலத்ததாகிய அக்கோயிலின் கல்வெட்டு, சக ஆண்டு 982 என்று, அதாவது கி.பி. 1060 என்று, தன் காலத்தைக் குறித்து வைத்துள்ளது. கல் தான் ஏற்ற எழுத்தைத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து நிற்கின்றது. மனிதனோ காலையில் கேட்ட பெயரை மாலைக்குள் மறந்துவிடுகின்றான். எனினும், தான் காப்பது இன்னதென்று கல் அறியாது. கேட்டதைப் பொருளுணர்ந்து காத்து, வேண்டும் போது வேண்டும் வடிவில் எடுத்துத் தருவது மனித நினைவு ஒன்றே. அந்நினைவை ஒரு கலையாகவே வளர்த்த மரபு நம் நாட்டில் உண்டு. அம்மரபின் வரலாற்றையும், அது நமக்கு உணர்த்துவதையும் ஈண்டு ஆராய்வோம்.

அவதானம் என்பது அக்கலையின் பெயர். அவையோர் சூழ்ந்திருந்து ஒரே வேளையில் பலவற்றைத் தொடுப்பர். ஒருவர் வெண்பாவின் ஈற்றடியைத் தருவார்; மற்றொருவர் கணக்குக் கேட்பார்; வேறொருவர் இடையிடையே மணி அடிப்பார்; பின்னிருந்து ஒருவர் முதுகின்மேல் சிறு கற்களை எறிவார். அவதானி எதையும் எழுதிக்கொள்ளாமல் அனைத்திற்கும் விடை கூறி, முடிவில் மணியோசை எத்தனை, கற்கள் எத்தனை என்பதையும் பிழையின்றிச் சொல்லல் வேண்டும். எட்டுச் செயல்களைச் செய்வது அட்டாவதானம், பத்தாயின் தசாவதானம், பதினாறாயின் சோடசாவதானம், நூறாயின் சதாவதானம்.

ஈண்டு ஒரு நுட்பத்தை நோக்குதல் வேண்டும். அவதானம் என்ற சொல்லுக்குப் பொருள் நினைவு என்பதன்று, கவனம் என்பதே. நினைவுக் கலைக்கு நம் முன்னோர் கவனம் என்று பெயரிட்டனர். மனத்தில் ஊன்றி ஏற்காத ஒன்றை மனம் பின்னர்த் தராது என்ற உண்மையை அப்பெயரிலேயே பொதிந்து வைத்தனர்.

தமிழகத்து அவதானிகளுள் பெரும்புகழ் பெற்றவர் செய்குத்தம்பிப் பாவலர். 1874ஆம் ஆண்டு நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்தவர். அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பள்ளியில் அவர் பயின்றது மலையாளம். தமிழைச் சங்கரநாராயண அண்ணாவி என்னும் ஆசிரியரிடம் தனியே கற்றார். அவ்வாறு கற்ற தமிழில், 1907ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், சென்னை விக்டோரியா மண்டபத்தில் புலவர் பலர் முன்னிலையில் நூறு அவதானங்களை நிகழ்த்திச் 'சதாவதானி' என்னும் பட்டம் பெற்றார். சீறாப்புராணத்திற்கு உரை கண்டதும், வள்ளலாரின் அருட்பாவிற்காக மேடையேறி வாதிட்டதும் அப்பெருமகனாரே. துருக்கனுக்கு இராமனைத் துணையாக்கும் ஈற்றடி ஒன்றை ஒருவர் குறும்பாகக் கொடுக்க, அவர் முந்திய அடியின் இறுதியில் 'சத்' என்னும் அசையை நிறுத்தி அவனைச் சத்துருக்கன் ஆக்கிவிட்டார் என்று புலவர் உலகில் ஒரு செய்தி வழங்குகின்றது. 1950இல் மறைந்த அவர்க்கு இந்திய அரசு 2008இல் அஞ்சல் தலை வெளியிட்டது.

இக்கலை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. தெலுங்கு நாட்டிலும் கூர்ச்சரத்திலும் அது தழைத்தது. நாம் வாழும் இம்மும்பை மாநகரிலேயே 1887ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள், பிராம்ஜி காவஸ்ஜி நிலையத்தில், பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் சதாவதானம் நிகழ்த்தினார். அவர்தாம் பின்னர் ஸ்ரீமத் ராஜசந்திரர் எனப் போற்றப்பட்ட ராய்ச்சந்த்பாய். 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள் மும்பையில் அவரைச் சந்தித்தார். தாம் அறிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் அடுக்கிச் சொன்னார். அம்மொழிகளை அறியாத ராய்ச்சந்த்பாய் அச்சொற்களை அதே வரிசையில் திருப்பிக் கூறினார். அத்திறனை வியந்தபோதிலும், தம்மை ஈர்த்தது அதுவன்று, அவரது ஒழுக்கமும் ஆன்ம வேட்கையுமே என்று அடிகள் தம் சுயசரிதையில் எழுதுகின்றார். ராய்ச்சந்த்பாயும் அவதானத்தை அரங்கில் காட்டுவதை இளமையிலேயே விட்டொழித்தார். நினைவாற்றல் ஒரு கருவியே என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

இனி, இக்கருவி தொழிற்படும் முறையை நோக்குவோம். மனத்தின் முன்றில் மிகச் சிறியது. ஒரே வேளையில் ஏறத்தாழ ஏழு பொருள்களையே அங்கு நிறுத்தலாம் என 1956இல் ஜார்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க உளநூலார் எழுதினார். அவ்வெண் நான்களவே என்பது பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து. ஆயினும் சிதறிய பொருள்களைப் பொருத்தமுறக் கட்டிக் கட்டாக்கினால் அம்முன்றிலில் மிகுதியாக இடம்பெறச் செய்யலாம். பத்து இலக்கங்களை மும்மூன்றாகப் பிரித்துச் சொல்லிப் பார்ப்பவர் இதனை அறிவர்.

முன்றிலில் நின்றவை உள்ளறையில் சென்று தங்குவதற்கு மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் சிறு பகுதி இன்றியமையாதது. 1953இல் வலிப்பு நோய்க்காக அறுவை மருத்துவம் செய்யப்பெற்று, இருபுறமும் அப்பகுதியின் பெரும்பங்கை இழந்த ஓர் அமெரிக்கர், அதன்பின் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவில் நிறுத்த இயலாதவரானார். ஆனால் கண்ணாடியில் பார்த்துக் கோடு வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றது. முந்திய நாள் பயின்றதை மட்டும் அவர் அறியார். கை கற்பதும் மனம் கற்பதும் வெவ்வேறு வழிகள் என்பது இதனால் தெளிவாயிற்று.

மறதிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து, 1885இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கற்றது முதலில் விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நழுவுகின்றது என்றும், இடைவெளி விட்டுப் பலமுறை பயில்வது ஒரே மூச்சில் பயில்வதினும் சிறந்தது என்றும் கண்டார். பொருளற்ற அசைகளுக்குச் செலவிட்ட உழைப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே செய்யுளைக் கற்கப் போதுமானதாயிற்று.

இவ்வுண்மையைத் தமிழர் வாழ்க்கையில் நெடுங்காலம் கையாண்டு வந்தனர். எதுகையும் மோனையும் செவிக்கு இன்பம் மட்டுமல்ல, அடுத்து வருஞ் சொல்லைக் காட்டும் கைகாட்டிகளுமாம். ஒரு செய்யுளின் முடிவு அடுத்ததன் முதலாகும் அந்தாதி, நூறு பாடல்களை ஒரே சங்கிலியாகப் பிணைத்துத் தருகின்றது. திண்ணைப் பள்ளிச் சிறார் எண்சுவடியைக் கூட்டமாக ஓதி, முந்திரி, காணி, மா, கால் எனும் பின்னங்களையும் நாவில் நிறுத்தினர்.

கற்பவர்க்கு வழிகூறும் நன்னூலின் கணக்கு இன்னும் வியப்புடைத்து. ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு கலந்து பயில்வதால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரை என்பது பவணந்தியார் கருத்து. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களைச் சோதித்தனர். சில நிமிடங்களுக்குப் பின் வினவியபோது, மீண்டும் மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து வினவியபோது, நூலை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே வென்றனர். வாங்குவதினும் எடுத்துக் கொடுப்பதே நினைவை வலுப்படுத்துகின்றது.

இவ்வாற்றல் பிறவியில் சிலர்க்கே வாய்ப்பதன்றோ என்று சிலர் வினவலாம். நினைவுப் போட்டிகளில் வென்றோரை 2003இல் இலண்டனில் ஆராய்ந்தபோது, அவர்களது பொது அறிவுத்திறனோ மூளையின் அமைப்போ சிறப்புடையதாகக் காணப்படவில்லை. அறிந்த தெருவில் மனத்தால் நடந்து, வழியெங்கும் பொருள்களை வைத்துச் செல்லும் பழைய உத்தியையே பெரும்பாலோர் கையாண்டனர். ஆறு வாரம் அவ்வுத்தியைப் பயின்ற எளிய மக்களும் பெரிதும் முன்னேறினர் என்பது 2017இல் வெளியான ஆய்வின் முடிவு.

ஆயினும் பழைய முறையில் குறையே இல்லை என்று கூற மாட்டோம். பொருள் விளங்காமல் ஒப்பிக்கச் செய்ததும், பிரம்பைக் காட்டி அச்சுறுத்தியதும், சாதி பற்றியும் பெண் என்பது பற்றியும் பலரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தியதும் அம்முறையின் மாசுகள். முதுமையில் வரும் கடும் மறதி சோம்பலன்று, நோயாகவும் இருக்கலாம் என்பதையும் மறத்தலாகாது. அதற்கு வேண்டுவது வசையன்று, மருத்துவமும் பரிவுமே.

பிறமொழி நாட்டில் வாழும் நமக்கு இவ்வரலாறு சிறப்பாக உரியது. அம்பர்நாத்திலும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளரும் நம் மக்களுள் பலர் தமிழ் பேசுகின்றனர், எழுத்து அறியார். தொலைபேசி எண் முதல் உறவினர் பெயர் வரை அனைத்தையும் கைப்பேசி காக்கின்றது. ஆனால் பாட்டியார் அறிந்த தாலாட்டையும் விடுகதையையும் ஊர்க் கதையையும் ஒருவர் சொல்லி மற்றவர் கேட்டாலன்றி எக்கருவியும் காக்காது. மலையாளப் பள்ளியில் பயின்ற சிறுவன் தமிழ்ச் சதாவதானியாகத் திகழ்ந்ததை எண்ணுங்கால், மராத்தியும் ஆங்கிலமும் பயிலும் நம் குழந்தைகளைக் குறித்து நாம் மனந்தளர வேண்டுவதில்லை.

செய்ய வேண்டுவது சிறிது. நாள்தோறும் ஒரு குறள். பொருளோடு கூறல் வேண்டும். மறுநாள் புத்தகத்தை மூடி, குழந்தையைச் சொல்லச் செய்க. மூன்று நாள் கழித்து மீண்டும் கேட்க. ஒரு வாரம் கழித்துத் தம்பி தங்கையர்க்கு அதனையே கற்பிக்கச் செய்க. இரவில் நல்ல உறக்கம் தருக; கற்றதை மனம் நிலைப்படுத்துவதில் உறக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு. சொல்லும் வேளையில் கைப்பேசியை அப்பால் வைத்து, அவர்கள் முகத்தை நோக்கிக் கேட்பது நம் கடமை. கவனம் என்னும் பொருளுடைய அவதானம், குழந்தையிடமிருந்து மட்டுமன்றி நம்மிடமிருந்தும் வேண்டப்படுவதாகும்.