வைகை அணையும் சமூகவியல் முதுகலை ஆய்வும்

1959ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21ஆம் நாள், அந்நாளைய முதலமைச்சர் காமராசர், ஆண்டிபட்டிக்கு அண்மையில் வைகையாற்றின் குறுக்கே எழுந்த அணையைத் திறந்துவைத்தார். 71 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கும் அவ்வணையால் மதுரை மாநகர் குடிநீர் பெற்றது. மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்கள் பாசனம் பெற்றன. இச்செய்திகள் பொறியியல் ஏடுகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும் விளங்கக் கிடக்கின்றன. அந்நீர்ப்பரப்பினுள் அமிழ்ந்த ஊர்களில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு பிரிந்து சென்றனர் என்பதனை ஆராய்தல் சமூகவியலின் பாற்பட்டது. அவ்வியலில் முதுகலைப் பட்டம் பெற முயல்வார்க்கு இப்பகுதி எத்துணை இன்றியமையாத களமாகும் என்பதனை வரலாற்று முறையில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதுகலைக் கல்வியும் ஊராய்வும்

சமூகவியல் இந்தியப் பல்கலைக்கழகங்களுள் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலாகும். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919இல் அதற்கெனத் தனித்துறை தோன்றியது. அதன் முதற் பேராசிரியர் பாட்ரிக் கெட்டிசு. அவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தமிழகம் போந்து, மதுரை உள்ளிட்ட நகரங்களைக் கண்டு அறிக்கை வரைந்தவர். அவர்க்குப்பின் 1924இல் அத்துறையிற் சேர்ந்த குரியே என்பாரிடம் பயின்ற எம். என். சீனிவாசு, தம் முதுகலை ஆய்வுரையை மைசூர் நாட்டின் திருமணமும் குடும்பமும் பற்றியதாக அமைத்தார். அது 1942இல் நூலாக வெளிவந்தது. தான் பிறந்த மண்ணின் வாழ்வே முதுகலை மாணவனுக்குத் தக்க ஆய்வுப்பொருளாகும் என்பதற்கு அஃது ஒரு சான்று.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இவ்வழியைத் திறந்தவர் பொருளியற் பேராசிரியரான கில்பர்ட் சிலேட்டர். அவர் 1916ஆம் ஆண்டளவில் தம் மாணாக்கரை அவரவர் ஊர்களுக்கே அனுப்பி, நிலம், தொழில், கடன், உணவு ஆகியன பற்றிய செய்திகளைத் தொகுப்பித்தார். வடமலைபுரம், கங்கைகொண்டான், இருவேல்பட்டு முதலிய ஊர்களைப் பற்றிய அத்தொகுப்பு 1918இல் வெளிவந்தது. தாமசும் இராமகிருட்டிணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்து 1940இல் நூல் வெளியிட்டனர். பின்வந்தோரும் அவற்றுட் சிலவற்றை நாடிச் சென்றனர். மாணாக்கர் எழுதிவைத்த குறிப்புகள் பிற்காலத்தார்க்கு அளவுகோலாயின என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

கம்பம் பள்ளத்தாக்கின் அண்டையில்

மேற்கு மதுரைப் பகுதியில் களப்பணி புரிந்த அறிஞருள் தலையாயவர் பிரெஞ்சு நாட்டு லூயி துய்மோன். அவர் 1949, 1950ஆம் ஆண்டுகளில் பிரமலைக் கள்ளரிடையே தங்கித் தமிழ் பயின்று, அவர்தம் உறவுமுறை, மணமுறை, தெய்வ வழிபாடு ஆகியவற்றை ஆராய்ந்தார். அந்நூல் பிரெஞ்சு மொழியில் 1957இலும், ஆங்கிலத்தில் 1986இலும் வெளிவந்தது. அரை நூற்றாண்டின் பின்னர் ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கிலேயே களப்பணி ஆற்றினார். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமையும், உழவுத்தொழிலும், நல்லொழுக்கம் பற்றிய மக்கள் கருத்தும் தம்முள் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அவர் 2009இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இவ்விரு நூல்களின் காலங்களுக்கும் இடைப்பட்டதே அணையின் வரவு. துய்மோன் களத்தை விட்டகன்ற பத்தாண்டிற்குள் அண்டையிலிருந்த ஊர்கள் சில நீருள் மறைந்தன. கம்பம் பள்ளத்தாக்கோ 1895இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டது முதலே மலைக்கு மேற்பாலிருந்து வரும் நீரால் செழித்தது. அந்நீர் சுருளியாறு, முல்லையாறு வழியே வைகையை அடையும். ஆகவே ஓர் அணையால் வளம் பெற்ற மக்களும், மற்றோர் அணையால் நிலம் இழந்த மக்களும் ஒரே ஆற்றின் கரையில் அடுத்தடுத்து வாழ்ந்தனர் எனலாம். பயன் யாரைச் சேர்ந்தது, இழப்பு யாரைச் சேர்ந்தது என்னும் வினாவினை இதனினும் தெளிவாக எழுப்பும் களம் அரிது.

கரிபா தரும் பாடம்

வைகை அணை திறக்கப்படுவதற்குச் சில வாரங்களே முன்னர், 1958 திசம்பரில், ஆப்பிரிக்காவின் சாம்பெசி ஆற்றில் கரிபா அணை அடைக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த தொங்கா மக்களை எலிசபெத் கோல்சன், தேயர் ஸ்கட்டர் என்னும் இருவர் 1956, 1957ஆம் ஆண்டுகளிலேயே, அவர்கள் இடம்பெயரும் முன்னரே, ஆராய்ந்தனர். பெயர்ந்த பின்னரும் பல்லாண்டுகள் தொடர்ந்து சென்று கண்டனர். முன்நிலையும் பின்நிலையும் பதிவு செய்யப்பட்டமையால், குடிபெயர்ச்சி உறவினையும் சடங்கினையும் தலைமையினையும் எங்ஙனம் மாற்றுகின்றது என்பதை அவர்களால் ஒப்பிட்டுரைக்க முடிந்தது.

வைகையின் நீரடி ஊர்களுக்கு அறிஞருலகம் அறிந்த அத்தகைய ஆய்வுநூல் வாய்த்திலது, இலக்கியமே வாய்த்தது. அணையின் பொருட்டுக் குடிபெயர்ந்த குடும்பத்திற் பிறந்த வைரமுத்து எழுதிய ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ 2003ஆம் ஆண்டிற்குரிய சாகித்திய அகாதெமி விருது பெற்றது. எனினும், நிகழ்ச்சிக்கு நாற்பதாண்டுகளின் பின் எழுந்த புதினத்தை நேரடிச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. மக்கள் தம் இழப்பினை எவ்வாறு நினைவிற் போற்றினர் என்பதற்கு அது சான்றாகும். அவர்கள் இழந்தவை யாவை என்பதற்கு வேறு சான்றுகள் வேண்டும்.

செய்யத்தக்கன

அச்சான்றுகள் முற்றும் அழிந்தொழியவில்லை. 1951, 1961ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கேடுகளில் உள்ள ஊர்ப்பட்டியலை ஒப்பிட்டால் மறைந்த ஊர்களும் சுருங்கிய ஊர்களும் புலனாகும். வருவாய்த்துறையின் நிலப் பதிவேடுகள், எவர் எத்துணை நிலம் வைத்திருந்தனர் என்பதைக் காட்டும். நிலமற்ற கூலியாளும் குத்தகையாளும் ஊர்த்தொழிலாளரும் அப்பதிவேடுகளில் இடம்பெறார். அவர்தம் வரலாறு வாய்மொழியாகவே கிடைத்தற்குரியது. குலதெய்வம் எங்கே பெயர்த்து வைக்கப்பட்டது, கொள்வினை கொடுப்பினை எவ்வூரோடு அற்றது, புதிய குடியிருப்பில் தெருக்கள் பழைய ஊரின் முறையில் அமைந்தனவா என்னும் வினாக்களை முதியோரிடமே கேட்டறிதல் வேண்டும்.

சீனிவாசின் வாழ்வு இதற்கும் வழிகாட்டுகின்றது. அவர் இராமபுரம் என்னும் சிற்றூரைப் பற்றித் தொகுத்த குறிப்புகளின் படிகள் 1970இல் தீக்கிரையாயின. அவர் மனந்தளராது, பெரிதும் நினைவையே துணையாகக் கொண்டு எழுதி 1976இல் நூலாக்கினார். ஊர் மறைந்தாலும் நினைவு நின்றால் ஆய்வு இயலும். ஆனால் நினைவிற்கும் எல்லை உண்டு. 1958இல் இருபது வயதினராக வீட்டைவிட்டு வெளியேறியவர் இன்று எண்பத்தைந்தைக் கடந்தவர்.

இவ்வாய்வு சமூகவியல் மாணாக்கரால் மட்டும் நிறைவுறாது. ஒப்பாரியையும் தாலாட்டையும் ஊர்ப்பெயரையும் வட்டார வழக்கையும் உணரும் தமிழ்த்துறை மாணாக்கரும் உடன் செல்லுதல் வேண்டும். கேட்டவை பேசியவர் சொற்களிலேயே தமிழில் பதிவாதலும் வேண்டும். மொழிபெயர்ப்பில் உறவுமுறைச் சொற்களின் நுட்பம் கெடும்; அந்நுட்பமே துய்மோனைத் தமிழ் பயிலத் தூண்டியது எனக் கருதலாம். முதுகலை ஆய்வுரைக்குப் பொருள் தேடுவோர் முதியோர் சிலரேனும் உள்ள இக்காலத்தே வைகைக் கரைக்குச் செல்வாராயின், சிலேட்டரின் மாணாக்கரைப் போலத் தாமும் பின்வருவார்க்கு ஓர் அளவுகோலை வைத்தவராவர்.