மூளிக்காது: 1930களின் பண மந்தமும் கரிசல் வீட்டுச் சிக்கனமும்

கரிசல்காட்டு மனிதரைப் பற்றி எழுதுகிற எவரும் தவறாமல் பயன்படுத்தும் ஒரு சொல் சிக்கனம். வானம் பார்த்த பூமி, பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை, அதனால் இம்மக்கள் எண்ணிச் செலவழிக்கப் பழகியவர்கள் என்று வாக்கியம் ஓடும். நாமும் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறோம். 'எங்க தாத்தா ஒரே வேட்டிய மூணு வருசம் கட்டுனாரு' என்று சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு ஏறுகிறது. அந்த மூன்று வருசமும் பாட்டி என்ன கட்டினாள் என்று யாரும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

வீடு செலவைக் குறைத்தது என்கிறோம். வீட்டுக்குள் யாருடைய செலவு குறைந்தது? யாருடையது முதலில், யாருடையது கடைசியில்? பொருளாதார வரலாறு 'குடும்பம்' என்று எழுதும்போது அதற்கு ஒரே வாய், ஒரே வயிறு என்று வைத்துக்கொள்கிறது. சிக்கனம் என்ற சொல்லும் அந்த வேலையைத்தான் செய்கிறது. 1930களின் பண மந்தத்தைக் கோவில்பட்டிச் சீமையில் வைத்துப் பார்த்தால் இந்த ஒற்றை வயிறு உடைகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்கப் பருத்தி அந்தப் பருவத்தில் ராத்தல் 16 செண்டுக்கு மேல் விற்றது. 1931ஆம் வருசப் பருவத்தில் 6 செண்டுக்குக் கீழே போனது. இதற்கும் கோவில்பட்டிக்கும் என்ன சம்பந்தம் என்றால், சம்பந்தம் நேரடியானது. திருநெல்வேலிப் பருத்தி என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கிய சரக்கு இந்தக் கரிசல் மண்ணில் விளைந்தது. கோவில்பட்டியில் 1901இலேயே விவசாய ஆராய்ச்சிப் பண்ணையை அரசு தொடங்கியிருந்தது. கருங்கண்ணி ரகம் அந்தப் பண்ணையில்தான் சீர்செய்யப்பட்டது. சாத்தூர், விருதுநகர், கோவில்பட்டி அரவை ஆலைகள் வழியாகவும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகவும் கரிசல் விவசாயி லிவர்பூலோடும் பம்பாயோடும் கட்டப்பட்டிருந்தான். இந்தக் கயிறு அவன் கண்ணுக்குத் தெரியாது. இழுத்தால் மட்டும் வலிக்கும்.

கரிசல் வீட்டின் கணக்கில் இரண்டு பகுதி உண்டு. கம்பு, சோளம், குதிரைவாலி, காணம், மொச்சை தின்பதற்கு. பருத்தி விற்பதற்கு. குலுக்கையில் தானியம் இருந்தால் வயிறு கழியும். ஆனால் கிஸ்தி, வட்டி, துணி, உப்பு, எண்ணெய், கல்யாணம், வைத்தியம் எல்லாம் காசு. காசு பருத்தியிலிருந்து மட்டுமே வரும். விலை பாதிக்கும் கீழே இறங்கியபோது கிஸ்தி இறங்கவில்லை. அது ரூபாயில் எழுதப்பட்டது. கடனும் ரூபாயில் எழுதப்பட்டது. ஒரு பொதி பருத்தி கொடுத்து அடைக்க வேண்டிய கடனுக்கு இரண்டு பொதி கொடுக்க வேண்டியதாயிற்று. சென்னை ராஜதானியின் விவசாயக் கடனை 1930இல் வங்கி விசாரணைக் குழு 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 1935இல் சத்தியநாதன் அறிக்கை அதையே 200 கோடி என்றது. புதுக்கடன் கொடுக்க ஆளில்லாத வருசங்களில் கடன் இப்படி வளர்ந்தது.

வெளியூர்க் காசும் நின்றது. ரப்பர் விலை விழுந்ததால் மலேயாத் தோட்டங்களிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் 1930க்குப் பிந்தைய இரண்டு மூன்று வருசங்களில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். திருநெல்வேலி ஜில்லாவுக்கு நெருக்கமான இலங்கைத் தோட்டங்களிலும் கூலி வெட்டு, ஆள்குறைப்பு. அனுப்பிக்கொண்டிருந்தவன் வீடு திரும்பித் தட்டின் முன் உட்கார்ந்தான்.

2

இனி வெட்டு எங்கே விழுந்தது என்று பார்ப்போம்.

முதலில் கடைச் சரக்கு. அரிசிச் சோறு கரிசலில் ஏற்கெனவே தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். நல்லெண்ணெய், புதுத்துணி, கருப்பட்டி, வெஞ்சனத்துக்குச் சேரும் வாங்கிய காய்கறி எல்லாம் சுருங்கின. கம்பங்கூழும் காணத்துவையலும் மிஞ்சின. இதுவரை சிக்கனம் என்ற சொல் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கூழும் எல்லோருக்கும் ஒரே அளவாகப் போகவில்லை. உழைத்துவிட்டு வந்த ஆம்பளைக்கு முதலில், பையன்களுக்கு அடுத்து, பெட்டைப் பிள்ளைக்குப் பிறகு, அடிச்சட்டியில் மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றிக் குடிப்பவள் கடைசி. வழக்கமான நாளில் இது வெறும் வரிசை. கடைசி ஆளுக்கும் ஏதாவது மிஞ்சும். பஞ்ச நாளில் இதுவே ரேஷன். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, பட்டியல் எழுத வேண்டியதில்லை. 'எனக்குப் பசிக்கல' என்ற ஒரு பேச்சில் கணக்கு நேராகிவிடும்.

இரண்டாவது வெட்டு வாசலுக்கு வெளியே விழுந்தது. ஏகாலி, குடிமகன், கொல்லாசாரி, தச்சாசாரி, தோல்வேலை செய்யும் சக்கிலியர் ஆகியோருக்குக் களத்துமேட்டில் தானியப் பங்கு உண்டு. பழைய ஆவணங்களில் இதற்குப் பெயர் சுதந்திரம். ஏகாலிக் குடும்பத்துக்கு ராச்சோறும் உண்டு. காசு இல்லாத வீடு காசு தராமலே குறைக்கக்கூடிய செலவு இதுதான். ஒரு மரக்கால் அரை மரக்காலாகும். ராச்சோற்றுக்கு வந்தவளிடம் 'நாளைக்கு வா தாயி' என்பார்கள். சம்சாரி வீட்டில் இதற்குச் சிக்கனம் என்று பெயர். ஏகாலி வீட்டில் இதற்குப் பட்டினி என்று பெயர். ஒரே மரக்காலுக்குத் தெருவைப் பொறுத்து இரண்டு பெயர்.

மூன்றாவது, பருத்தி எடுப்புக் கூலி. பருத்திக் காட்டில் இறங்கிச் சுளை எடுப்பவர்கள் பெண்களும் சிறுபிள்ளைகளும். இவர்களுக்குக் காசுக் கூலி இல்லை. எடுத்த பருத்தியில் ஒரு பங்குதான் கூலி. மடியில் கொண்டுபோய்க் கடையில் போட்டு உப்போ புளியோ வாங்கிக்கொள்வார்கள். காசுக் கூலிக்காரனுக்கு விலை விழும்போது, வேலை இருந்தால், கொஞ்சம் லாபமும் கிடைக்கும். பருத்தியே கூலியாக வாங்குகிறவளுக்கு அது கிடையாது. லிவர்பூலில் விலை பாதியானால் அவள் மடியில் கூலி பாதி. நிலம் இல்லாத, கடன்பத்திரம் இல்லாத, உலகச் சந்தை என்ற வார்த்தையையே கேட்டிராத அவள்தான் உலகச் சந்தையோடு இடையில் எந்தத் தடுப்பும் இல்லாமல் மோதினாள். விலைப் பட்டியல்களில் இவள் எந்த வரியிலும் இல்லை.

3

நான்காவது வெட்டைப் பற்றி அதிகமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வேறு பெயரில்.

1931 செப்டம்பர் 21இல் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. ரூபாய் ஒன்றுக்கு 18 பென்ஸ் என்று பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால் பவுண்டு விழுந்தபோது ரூபாயும் சேர்ந்து விழுந்தது. தோலா 21 ரூபாய்ச் சொச்சம் விற்ற தங்கம் சில மாதத்தில் 30ஐ நெருங்கியது. விளைபொருளுக்கு விலை இல்லை, தங்கத்துக்கு விலை இருக்கிறது. கிராமங்களிலிருந்து தங்கம் புறப்பட்டது. 1931-32 ஒரு நிதியாண்டில் மட்டும் நிகரமாக ஏறத்தாழ 58 கோடி ரூபாய்த் தங்கம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அடுத்த வருசம் அதைவிட அதிகம். லண்டனுக்கு அது அந்த நேரத்தில் பெரிய ஒத்தாசை.

இதைப் பற்றி அன்று இரண்டு கதையாடல்கள் மோதிக்கொண்டன. அரசாங்கத்தின் நிதி உறுப்பினர் ஜார்ஜ் ஷூஸ்டர் தரப்பு, மக்கள் நல்ல விலைக்கு லாபம் பார்த்து விற்கிறார்கள், தடுக்க வேண்டியதில்லை என்றது. தேசியவாதிகள் தரப்பு, தேசத்தின் செல்வம் கொள்ளை போகிறது, ஏற்றுமதியைத் தடை செய் என்றது. ஒன்று தனிமனித லாபம், மற்றொன்று தேசச் சொத்து. இரண்டு பேச்சிலும் இடம்பெறாத ஒன்று, அந்தத் தங்கம் புறப்படும் முன் எங்கே இருந்தது என்பது. அது காதில் இருந்தது, மூக்கில் இருந்தது, கழுத்தில் இருந்தது. தாய்வீடு போட்டு அனுப்பியது. நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு இல்லாத குடும்ப அமைப்பில் அவள் பெயருக்கென்று இருந்த ஒரே உடைமை அது. கணக்குப்பிள்ளைக்கு அது தோலா; தலைவர்களுக்கு அது பாரதத்தின் செல்வம்.

எங்கள் ஆச்சி தன் அம்மாவின் காதைப் பற்றிச் சொல்வாள். தோளில் தொடும்படி வளர்த்த காது, அதில் ஒன்றும் இல்லை. 'சின்னப்பிள்ளையில அந்தத் தொளைக்குள்ள வெரல விட்டு ஆட்டி வெளாடுவேன்' என்பாள். பாம்படம் எங்கே போச்சு என்று கேட்டால் 'அது பருத்தி வெல விழுந்த வருசம் போச்சு' என்று ஒரே வரிப் பதில். போச்சு என்பது அவள் வார்த்தை. விற்றார்கள் என்றுகூட இல்லை. பாம்படம் தங்கத் தகட்டுக்குள் அரக்கு வைத்துச் செய்வது. உருக்கினால் அரக்கு போக மிஞ்சுவது, போட்டுத் திரிந்தவள் மனசில் வைத்திருந்த எடையைவிடக் குறைவுதான். அதோடு, நகையில்லாத காதுக்கு நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது: மூளி. வசவுச் சொல். வீட்டின் கடனுக்காகக் காதைக் கழற்றிக் கொடுத்தவளைக் கல்யாண வீட்டில் மூளி என்று ஒதுக்கிய சமூகம்தான் அவள் புருசனைச் சிக்கனக்காரன் என்று பாராட்டியது.

4

செலவைக் குறைப்பதும் கைகளைக் கூட்டுவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். 1928இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்குப் பாதுகாப்பு வரி உறுதியானது. 1934இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கு எக்சைஸ் வந்தது. இடைப்பட்ட காலம் மந்த காலம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவியதற்கு வறண்ட வானிலையைக் காரணம் காட்டுவது வழக்கம். வறண்ட வீட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் யந்திரத்தைவிட மலிவாகக் கை கிடைத்தது. பெரும்பாலும் பெட்டைப் பிள்ளைகளின் கை. பையனைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுப் பெண்ணைக் கட்டை அடுக்க அனுப்பிய வீடு செய்ததும் சிக்கனமே. இந்த ஏற்பாடு மந்தத்தோடு முடியவில்லை. அரை நூற்றாண்டு கடந்து, 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது தேசம் இந்தப் பகுதியைத்தான் முதல் உதாரணமாகப் பார்த்தது.

நிவாரணம் யாருக்குக் கிடைத்தது என்பதும் இதே வரிசைதான். ராஜாஜி மந்திரிசபை 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களின் பாக்கி வட்டியைத் தள்ளுபடி செய்த முக்கியமான சட்டம். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் விவசாயி என்பவர் யார்? நிலத்தில் விற்கத்தக்க உரிமை உள்ளவர். சுளை எடுத்தவள், ஏகாலி, சக்கிலியர் இதில் வரமாட்டார்கள். பாம்படம் கொடுத்துக் கடனை முன்னமே அடைத்துவிட்டவளும் வரமாட்டாள். அடைக்காமல் வைத்திருந்த கடனுக்குத்தான் நிவாரணம். காது கொடுத்து அடைத்த கடனுக்கு இல்லை.

5

கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இடைசெவலில் 1923இல் பிறந்தவர்கள். உலகம் பண மந்தம் என்று பெயரிட்ட வருசங்கள் இவர்களுக்கு ஆறு வயசிலிருந்து பதினான்கு வயசு வரை. கரிசல் இலக்கியத்தை வட்டார வழக்கு, மண்வாசனை என்ற சொற்களில் அடைத்து வைத்த விமர்சனம் இதைக் கவனிக்கவில்லை. 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் தீபாவளித் துணியைச் சுற்றியே எல்லாம் நடக்கிறது. யாருக்கு வாங்கிய துண்டு யாருக்குப் போகிறது என்பதுதான் கதை. 'கதவு' கதையில் தீர்வைப் பாக்கிக்காக வீட்டின் கதவையே கழற்றிப் போகிறார்கள். குளிர் உள்ளே வருகிறது, கைக்குழந்தை சாகிறது. கதை நடக்கும் காலம் பின்னாளையது. ஆனால் கிஸ்தி எங்கே போய் விழுகிறது என்பதை ஜில்லா அறிக்கைகள் காட்டாத துல்லியத்தோடு அது காட்டுகிறது. வீட்டில் ஆகச் சின்ன உடம்பின் மேல் விழுகிறது. இவ்விரண்டையும் நாம் பொருளாதாரப் பிரதிகளாகவும் வாசிக்க வேண்டும்.

இது பழங்கதை இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது தீப்பெட்டி ஆபீஸ்கள் மூடின. நகை மீண்டும் பெட்டியை விட்டு வெளியே வந்தது, இந்த முறை அடகுக்கு. 2021இல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரையிலான நகைக் கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. நெருக்கடியை வீடு எதை வைத்துத் தாங்குகிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது. 1938இன் சட்டம் போகாத இடத்துக்கு அது ஓரளவு போனது. ஆனாலும் அடகு வைக்க ஐந்து பவுன் இல்லாதவள், வட்டிக்காரனிடமும் குழுக் கடனிலும் வாங்கியவள், இன்றும் கணக்குக்கு வெளியேதான் நிற்கிறாள்.

இயக்கங்களில் வேலை செய்யும் நண்பர்கள் ஊர்களில் கணக்கெடுக்கப் போகும்போது வீட்டுக்கு ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். 'குடும்பச் செலவு எவ்வளவு குறைந்தது' என்று கேட்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு தொகை சொல்வார். அதை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகாமல் அடுப்படி வரை போக வேண்டும். நேற்று ராத்திரி கடைசியாகச் சாப்பிட்டது யார், என்ன சாப்பிட்டாள் என்று கேட்க வேண்டும். சிக்கனத்தின் வரலாற்றை அங்கிருந்துதான் எழுத முடியும்.