கடல் கொள்ளும் முதற் கப்பம்

பாய்க்கப்பல்களின் காலத்தில் தூரதேச யாத்திரை புறப்பட்டவர்களுக்கு, புயலுக்கும் பாறைக்கும் முன்னதாகவே எதிர்ப்பட்ட சத்துரு அவர்களுடைய சரீரத்துக்குள்ளேயே இருந்தது. அறையின் சுவர்கள் அசையாது நிற்பதாகக் கண் சொல்ல, எல்லாமே புரளுகின்றன என்று செவிக்குள் அமைந்த சமநிலைக் கருவி சொல்ல, இரண்டு சாட்சியங்களுக்கும் இடையே அகப்பட்ட வயிறு கலகம் செய்யும் கடல்நோய் என்ற இந்த உபாதை, பெரியோர் சிறியோர் என்ற பேதம் பார்ப்பதில்லை. கடற்போரில் நிகரற்றவரென்று கீர்த்தி பெற்ற ஆங்கிலத் தளபதி நெல்சனே, பலத்த காற்று வீசும்போதெல்லாம் தமக்கு உடம்புக்கு ஆகாமற் போவதாகக் கடிதம் எழுதியிருக்கிறார்.

1831 டிசம்பர் மாதத்தில், எதிர்க்காற்றால் இரு முறை துறைமுகத்துக்கே திரும்பிவிட்டு, 27ஆம் தேதி பிளிமத்திலிருந்து ஒருவாறு வெளியேறிய பீகிள் கப்பலில், இயற்கையை ஆராயச் சென்ற இருபத்திரண்டு வயதுள்ள சார்லஸ் டார்வின் இருந்தார். மறுநாளே அவர் படுத்துவிட்டார். கிறிஸ்துமஸ் அன்று குடித்துக் கூத்தடித்த மாலுமிகளுக்குக் கசையடித் தண்டனை நிறைவேறிய அன்றைய தினம், நோயோடு அந்த நினைவும் சேர்ந்து அவரை வாட்டியது. அவர் தங்கிய அறையோ, தேசப்படம் வரையும் பெரிய மேஜையால் நிறைந்தது. தொங்கு படுக்கையைக் கட்ட நீளம் போதாமல், ஓர் இழுப்பறையைக் கழற்றிவிட்டு அந்த இடைவெளியிலே படுக்கையின் கால்பக்கத்துக் கயிறுகளைச் செருக வேண்டியிருந்தது. பிஸ்கே விரிகுடாவின் கொந்தளிப்பில் அவருடைய வயிறு ஏற்றுக்கொண்ட ஆகாரம், தந்தையார் சிபாரிசு செய்த உலர்ந்த திராட்சை ஒன்றே. மதீரா தீவு கண்ணுக்குத் தென்பட்டபோது எழுந்து சென்று பார்க்கவும் அவருக்குத் திராணியில்லை. யாத்திரிகர் ஹம்போல்டின் நூலைப் படித்து நெடுநாள் கனவு கண்டிருந்த டெனரீப் தீவிலோ, இங்கிலாந்தில் பரவிய காலராவை முன்னிட்டுப் பன்னிரண்டு நாள் தொற்றுத்தடை ஒதுக்கம் விதிக்கப்படவே, கப்பல் கரை சேராமலே நகர்ந்தது.

ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்து, 1834 ஆகஸ்டில், பாஸ்டன் நகரிலிருந்து கலிபோர்னியாவுக்குப் புறப்பட்ட பில்கிரிம் என்னும் சிறு கப்பலில், அம்மை கண்டதால் பார்வை பழுதுபட்டுக் கல்லூரிப் படிப்பை நிறுத்திய ரிச்சர்டு ஹென்றி டேனா, பிரயாணியாக அல்ல, சாதாரண மாலுமியாகவே சேர்ந்தார். கயிற்றுச் சுருள்களும் உபரிப் பாய்களும் அடைத்துக் கிடந்த இடத்தில் அவருக்குப் படுக்கக் கட்டிலில்லை. காற்று வலுத்த இரவில், பாயைச் சுருக்கும்படி அழைப்பு வந்ததும், பாய்மரத்தின் குறுக்குக் கட்டையில் தொற்றிக்கொண்டே இருளில் வாந்தியெடுத்தார். இரண்டொரு நாள் சென்றபின், கப்பற் சமையற்காரன் அவரைப் பார்த்து, கரையிலே தின்றதெல்லாம் வெளியேறியாயிற்று, இனி இனிப்புப் பண்டங்களை வீசிவிட்டு உப்பிட்ட மாட்டிறைச்சியையும் கடல் ரொட்டியையுமே தின்னவேண்டும் என்று உபதேசித்தான். அரை ராத்தல் ஆறிய இறைச்சியும் ஓரிரண்டு கடின ரொட்டியும் உள்ளே சென்றபின் தாம் வேறொரு மனிதராகிவிட்டதாக டேனா எழுதுகிறார்.

நான்கு மணி நேரம் காவல், நான்கு மணி நேரம் ஓய்வு என்று இரவும் பகலும் மாறிவந்த அக்காலக் கப்பலின் கிரமம், நோயாளியென்று எவருக்கும் எளிதில் விலக்கு அளிக்கவில்லை. கொடுமையாகத் தோன்றினும், படுத்துக்கிடப்பதை விடக் காற்றோட்டமான தளத்தில் நின்று கயிற்றை இழுப்பதே பெரும்பாலோரைச் சில தினங்களில் தேற்றிவிட்டது. ஆயினும் பழக்கம் எல்லாருக்கும் கைகூடுவதில்லை. டார்வினுக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுப் பிரயாணத்தின் இறுதிவரை இந்த உபாதை தீரவில்லை. வேலைக்கு நடுவே தலை சுற்றினால் மேஜைமீதே சற்று நீட்டிப் படுத்து, பின் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். டெனரீபைத் தாண்டிய சில நாட்களிலேயே, கடலின் சிற்றுயிர்களைப் பிடிக்கத் துணிப்பை ஒன்றைத் தாமே அமைத்துக் கப்பலின் பின்னே இழுக்கவிட்டார். நோயோடு கூடிய அந்தத் துவக்கத்தைத் தாங்கும் உறுதி இவருக்கு உண்டோ என்று ஐயுற்ற கப்பல் தளபதி பிட்ஸ்ராயே, எழுந்து நின்றதும் இவர் வேலையில் இறங்கிய ஆர்வத்தைப் புகழ்ந்து எழுதினார்.

ஆகவே, அக்காலத்து முதல் வார அனுபவம் இரண்டு விதமான தேர்ச்சியை நமக்குக் காட்டுகிறது. உடம்பைக் கடலுக்கு இசையச் செய்வது ஒன்று. இசையாத உடம்பையும் வைத்துக்கொண்டு கடமையைச் செய்வது மற்றொன்று. முன்னது டேனாவைப் போன்ற பலருக்கு வாய்க்கும் பாக்கியம். பின்னதை டார்வின் ஒவ்வொரு முறை கரையிலிருந்து கடலேறும்போதும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.